ஆர்கான் அயனியாக்கக் குறுக்குவெட்டு: 100 எலக்ட்ரான் வோல்ட்டில் (எ.வோ.) மதிப்பு குறைவு, தொடக்கமும் முந்திவருகிறது

தகடு_இரண்டு கேட்டது:

இரண்டு இணைத்தகடுகளுக்கு நடுவே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, ஆர்கானின் மொத்த அயனியாக்கக் குறுக்குவெட்டை (எலக்ட்ரான் மோதி அணுவை அயனியாக்கும் வாய்ப்பு, பரப்பளவாக) அளக்கிறேன். நேரடியாகச் சூடாகும் டங்ஸ்டன் இழை, 1 மைக்ரோஆம்பியர் கற்றை (தடிமன் 1 மி.மீ.), கற்றையின் திசையிலேயே 100 காஸ் காந்தப்புலம். அயனி சேகரிக்கும் தகடு 2 செ.மீ. நீளம், முன்னும் பின்னும் அதே நீளத்தில் காவல் தகடுகள் (விளிம்பில் புலம் சீராக இருக்க). எதிர்த்தகடு 2 செ.மீ. தள்ளி, இடையே 100 வோல்ட். அழுத்தம் 2×10⁻⁵ முதல் 5×10⁻⁴ டார் வரை. அழுத்தத்தைப் படித்தது சூடான கேதோடு அயன் கேஜில் (வாயுவை அயனியாக்கி அழுத்தம் காட்டும் கருவி).

மூன்று தொல்லை. 100 எ.வோ.வில் 2.8×10⁻¹⁶ ச.செ.மீ. வர வேண்டிய இடத்தில் 2.1 தான் வருகிறது. 15.76 எ.வோ.வில் தொடங்க வேண்டிய அயனி மின்னோட்டம் 13-லேயே தலைகாட்டுகிறது. 30 எ.வோ.வுக்குக் கீழே போனால் ஃபாரடே கப் (கற்றையைக் கடைசியில் பிடிக்கும் கிண்ணம்) மின்னோட்டம் பாதியாகிவிடுகிறது. இதே அறையில் அடுத்து நைட்ரஜனின் கிளர்வை (மோதலில் உயர் ஆற்றல் நிலைக்கு ஏறுவதை) ஒளி வழியாக அளக்கவும் எண்ணம்.

கேஜ்_நம்பாதே:

முதல் தொல்லைக்குக் காரணம் கேஜ். அந்த வகை கேஜ்கள் நைட்ரஜனுக்குத் திருத்தப்பட்டவை. ஆர்கானில் சுமார் 1.3 மடங்கு கூட்டிக் காட்டும். அடர்த்தியைக் கூடுதலாக எடுத்துக்கொண்டதால் குறுக்குவெட்டு குறைகிறது. 2.1-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 2.7, கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள்.

அதற்காக 1.3-ஐப் போட்டுக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். அந்தக் காரணி கேஜுக்குக் கேஜ் மாறும். அதைவிடப் பெரிய சங்கடம், அயன் கேஜ் வேலை செய்வதே நீங்கள் அளக்கப்போகும் அதே மோதலால்தான். அயனியாக்கம் சாராத கெப்பாசிட்டன்ஸ் மானோமீட்டரோ (சவ்வின் வளைவை அளப்பது) சுழல் உருண்டை கேஜோ (சுழலும் உருண்டையின் வேகம் குறைவதை அளப்பது) வேண்டும். மானோமீட்டரின் தலை வழக்கமாக 45 டிகிரியில் இருக்கும், அறை 23 டிகிரி. குறைந்த அழுத்தத்தில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகாது: கெல்வினில் 296-ஐ 318-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.965. அதாவது 3.5 விழுக்காடு பிழை சும்மா உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஏற ஏற இந்தத் திருத்தம் தேய்ந்துபோகும் என்பதால் மிக உயர்ந்த அழுத்தங்களுக்கும் இதே எண்ணைப் போடக் கூடாது.

பழைய இலக்கியத்தோடு ஒப்பிடும்போதும் கவனம். மெக்லியாட் கேஜில் (பாதரசத்தால் வாயுவை அமுக்கி அளக்கும் பழைய கருவி) இருந்து பாதரச ஆவி குளிர்பொறியை (ஆவியை உறையவைத்துப் பிடிக்கும் பகுதி) நோக்கி ஓடும்போது வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். கேஜ் குறைத்துக் காட்டும், குறுக்குவெட்டு ஏறிவிடும்.

ஒரு சரிபார்ப்பு: 10⁻⁴ டாரில், அறை வெப்பநிலையில், ஒரு கன செ.மீ.க்கு 3.2×10¹² அணுக்கள். 2 செ.மீ. நீளத்துக்கு அயனி/எலக்ட்ரான் மின்னோட்ட விகிதம் 1.8×10⁻³, உங்கள் கற்றையில் 1.8 நானோஆம்பியர். ஒற்றைப் புள்ளியை நம்பாமல் விகிதத்தை அழுத்தத்துக்கு எதிராக வரைந்து சாய்வை எடுங்கள். 5×10⁻⁴-ல் கோடு வளைந்தால் வியப்பில்லை. 6 செ.மீ. பாதையில் 7, 8 விழுக்காடு எலக்ட்ரான்கள் ஏதோ ஒரு மோதலில் சிக்கியிருக்கும்.

குறுக்குப்புலம்:

மற்ற இரண்டுக்கும் அந்த 100 வோல்ட்தான் குற்றவாளி.

செ.மீ.க்கு 50 வோல்ட் என்றால் 1 மி.மீ. தடிமனுள்ள கற்றையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 5 வோல்ட் வித்தியாசம். 13 எ.வோ.வில் அயனி தெரிவது அதனால்தான். இழையில் விழும் 2, 3 வோல்ட்டும் சேர்ந்துகொள்ளும். வெறும் வெப்பப் பரவல் மட்டும் என்றால் அரை எ.வோ. அளவோடு நின்றிருக்கும்.

கப் மின்னோட்டம் குறைவதற்குக் காரணம், மின்புலமும் காந்தப்புலமும் செங்குத்தாக இருப்பதால் கற்றை தகடுகளுக்கு இணையாக நகர்வது. 100 காஸில் அந்த வேகம் நொடிக்கு 5×10⁵ மீ. 100 எ.வோ. எலக்ட்ரான் 6 செ.மீ. கடப்பதற்குள் 5 மி.மீ. விலகும், 20 எ.வோ. என்றால் 11 மி.மீ. கப்பின் வாய் அவ்வளவு அகலம் இருக்காதே!

காந்தப்புலத்தை 500 காஸ் ஆக்குங்கள், தொடக்க ஆற்றலுக்கு அருகே தகட்டுப் புலத்தைச் செ.மீ.க்கு 5 வோல்ட்டுக்கு இறக்குங்கள். 20 எ.வோ.விலும் விலகல் 0.2 மி.மீ.தான். தகடுகளுக்கு +, − சமமாகக் கொடுங்கள், நடுத்தளம் அறையின் மின்னழுத்தத்திலேயே நிற்கும். இழைக்குப் பதில் மறைமுகமாகச் சூடாகும் கேதோடு போட்டால் இழையில் விழும் அந்த 2, 3 வோல்ட் தலைவலியும் தீரும்.

மீதமுள்ள தொடு மின்னழுத்தப் பெயர்ச்சியை (வெவ்வேறு உலோகங்களால் ஆற்றல் அளவில் வரும் நிலையான பிழை) ஹீலியத்தைக் கலந்து கண்டுபிடிக்காதீர்கள், தனியாக ஓட்டுங்கள். அதன் தொடக்கம் 24.59, ஆர்கானோடு இடைவெளி 8.83 வர வேண்டும். தொடக்கத்தருகே வளைவு நேர்கோடு அல்ல, எனவே ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

தகடு_இரண்டு:

புலத்தைக் குறைத்தால் எல்லா அயனியும் தகட்டுக்கு வந்து சேருமா?

குறுக்குப்புலம்:

ஆர்கானுக்கு வரும், அதற்கு வெப்ப ஆற்றல் மட்டுமே. நைட்ரஜனில் வராது. 24.3 எ.வோ.வுக்கு மேல் மூலக்கூறு உடைந்து பிறக்கும் ஒற்றை அணு அயனிகள் சில எ.வோ. இயக்க ஆற்றலோடு சிதறும். எதிர்த்தகட்டை நோக்கிப் பாய்வதைத் திருப்ப 5 வோல்ட் போதாமல் போகலாம். ஆகவே உயர் ஆற்றலில் செ.மீ.க்கு 50 வோல்ட்டுக்கே திரும்புங்கள். காந்தப்புலம் 500-ல் இருந்தால் அங்கே பிரச்சினை இல்லை. ஒவ்வோர் ஆற்றலிலும் தகட்டு வோல்ட்டை ஏற்றி, மின்னோட்டம் சமதளமாவதைப் பார்த்த பிறகே எண்ணைக் குறியுங்கள். கூடவே ஒன்று: இந்த முறை மின்னூட்டத்தைத்தான் எண்ணும், அயனிகளை அல்ல. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆர்கான் அயனி 43.4 எ.வோ.வுக்கு மேல் இரண்டாகக் கணக்கில் ஏறும்.

நீலப்பட்டை:

நைட்ரஜன் ஒளிக்கு, அதன் அயனி விடும் 391.4 நா.மீ. (நானோமீட்டர்) பட்டையில் தொடங்குங்கள். அயனியாக்கமும் கிளர்வும் ஒரே மோதலில் நடப்பது அது, தொடக்கம் 18.75 எ.வோ., 100 எ.வோ.வில் சுமார் 1.7×10⁻¹⁷ ச.செ.மீ. ஒளியமைப்பின் திறனை அதை வைத்தே திருத்திக்கொள்ளலாம்.

அயனியாகாத மூலக்கூறு விடும் 337.1 நா.மீ. வேறு குணம். 11 எ.வோ.வில் தொடங்கி 14 அருகே உச்சம் தொட்டுச் சட்டென விழும். அதனால் 100 எ.வோ. கற்றையில் அந்த ஒளி தெரிந்தால், பெரும்பங்கு அயனியாக்கத்தில் வெளியேறிய மெதுவான எலக்ட்ரான்களால் வந்ததாக இருக்கலாம். அழுத்தத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: ஒளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் அதுதான்.

கற்றைக்கு 90 டிகிரியில் பார்ப்பதாக இருந்தால் முனைவாக்கத் திருத்தம் (ஒளி எல்லாத் திசையிலும் சமமாகப் பரவாததற்கானது) வேண்டும், 54.7 டிகிரியில் அது தேவையில்லை. மேல் நிலைகளிலிருந்து சரிந்து வரும் பங்கைக் கழிக்காதவரை நீங்கள் அளப்பது உமிழ்வுக் குறுக்குவெட்டுதான், கிளர்வு அல்ல. ஒளியே விடாமல் நீண்ட நேரம் நிற்கும் நீடுநிலைகளை இந்த வழியில் பிடிக்க முடியாது, அதற்கு எலக்ட்ரான் ஆற்றல் இழப்பு நிறமாலை வேண்டும்.