இங்கிலாந்தில் மாலை ஆராதனைக்குப் போன அனுபவம் உண்டா? ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) கோயில் கதைகளைச் சொல்லுங்கள்

டர்ஹாம் மாணவன்:
தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துச் சேகரம் (ஒரு குருவின் கீழுள்ள சபைகள்) ஒன்றில் வளர்ந்தவன் நான், இப்போது படிப்புக்காக வட இங்கிலாந்தின் டர்ஹாமில். கதீட்ரலில் வாரநாள் மாலை ஆராதனைக்குப் போனால் பாடகர் குழுவின் மர இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறார்கள், ஆட்கள் எதிரெதிராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. முதலில் எரிச்சல்தான் வந்தது. நம் ஊரில் தொண்டை கிழியப் பாடிப் பழகியவனுக்கு, சிறுபிள்ளைகளும் பெரியவர்களும் அடங்கிய ஒரு குழு நமக்காகப் பாட நாம் வாய்மூடி நிற்பது என்ன ஆராதனை என்று தோன்றியது. அப்புறம் பைபிளில் உள்ள மரியாள் பாட்டு வந்தது, சிமியோன் பாட்டு வந்தது, விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள், இருளை வெளிச்சமாக்கும் என்ற அந்தக் கடைசி ஜெபமும் வந்தது. எல்லாமே சின்ன வயதில் எங்கள் ஐயர், அதாவது சபைக் குரு, சொல்லிக் கேட்டவை, அதே வரிசையில்.

காரணம் தெரிந்ததுதான். காண்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர் 1549இல் கொண்டுவந்த ஜெபப்புத்தகத்தில், மடங்களில் சாயங்காலமும் இரவும் தனித்தனியாக நடந்த இரண்டு ஜெபவேளைகளை ஒன்றாக்கி, லத்தீனை எடுத்துவிட்டு, சாதாரண சனம் வந்து போகிற ஒரே ஆராதனையாக்கினார். அந்த மனிதரை 1556இல் ஆக்ஸ்ஃபோர்டில் எரித்தார்கள். அந்த ஜெபப்புத்தகம் கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் ஒருமுறை போனது, 1645இல் பார்லிமென்ட் தடையில் இன்னொரு முறை போனது, 1662இல் திருத்தமாகத் திரும்பி வந்து நிலைத்தது. சங்கீதங்கள் முழுவதையும் முப்பது நாளில் முடிக்கும்படி அதில் பங்கு பிரித்திருக்கிறார்கள், அதனால் 15ஆம் தேதி சாயங்காலம் போனால் 78ஆம் சங்கீதம், எழுபதுக்கும் மேல் வசனம். எங்கே இந்தப் பழைய பங்கீட்டை விடாமல் வைத்திருக்கிறார்களோ அங்கே பாடகர் குழுவுக்கு அன்றைக்குத்தான் சோதனை.

நான் உட்கார்ந்த இருக்கைகளுக்கே ஒரு கதை உண்டு. 1650இல் டன்பார் சண்டையில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக்காரர்களை, ஏறக்குறைய 3000 பேரை, இந்தக் கோயிலுக்குள் அடைத்தார்கள். பசி, நோய், குளிர். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். குளிர்காய மரவேலைகளை எல்லாம் எரித்தார்களாம், மேலே தங்கள் நாட்டு முட்பூச்செடி செதுக்கியிருந்த ஒரு கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்ததாகக் கதை. பிறகு 1660இல் வந்த பேராயர் ஜான் காசின்தான் புதிய இருக்கைகளைச் செய்து போட்டார். 1662 ஜெபப்புத்தகத்தைத் திருத்தியவர்களில் இவரும் முக்கியமான ஆள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தேரிக்காட்டு வாத்தியார்:
தம்பி, பாடகர் குழு பாட சபை கேட்பதெல்லாம் கதீட்ரல் வழக்கம். ஜெபப்புத்தகம் என்ன வேலை செய்தது என்று பார்க்க திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடி பக்கம் வர வேண்டும். என் தாத்தா உபதேசியார், குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர். ஐயருக்குச் சேகரத்தில் ஊர்கள் அதிகம், நற்கருணை கொடுக்க எப்போதாவதுதான் எங்கள் ஊர் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் தாத்தாதான் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஆராதனை நடத்துவார். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிகள் பாவ அறிக்கையிலிருந்து கடைசி ஆசீர்வாதம் வரை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். தாத்தா ஒரு வரி விட்டுவிட்டால் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஆட்களும் உண்டு! புத்தகம் இல்லையென்றால் ஐயர் இல்லாத ஊரில் ஆராதனை ஏது?

இடையன்குடி கோயிலைக் கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டைக்குக் கொண்டுவந்தார். 33 வருடம். அவரை அடக்கம் செய்திருப்பதும் அதற்குள்ளேதான். அவர் எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கத்து ஆள், மெஞ்ஞானபுரம் ஊர் சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷனரிச் சங்கம். இரண்டும் ஆங்கிலிக்கன்தான், ஆனால் எங்கள் பெரியவர்கள் பேச்சில் அது இரண்டு சாதி போல இருக்கும். 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் (பேராயரின் ஆளுகைப் பகுதி) ஆகி ஒரே பேராயரின் கீழ் வந்த பிறகும், அப்புறம் 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன்களும் வேறு சில சபைகளும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்த பிறகும்கூட, “அவங்க அந்தச் சங்கத்து ஆளுங்க” என்கிற பேச்சு எங்கள் வீட்டில் ஓயவில்லை. இப்போது கீபோர்டும் டிரம்ஸும் வந்து எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கிவிட்டன, அது வேறு விஷயம்.

சுண்டிக்குளிப் பெண்:
ஒரு சின்ன விஷயம். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலிக்கன் என்றால் இன்றும் கொழும்புப் பேராயரின் கீழ்தான். தென்னிந்தியத் திருச்சபை என்று அங்கே இருப்பவர்கள் அமெரிக்க மிஷன் வழியில் வந்தவர்கள். லண்டனில் ஒரு தூத்துக்குடி அக்காவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு தேநீர் முழுக்க ஆறிப்போனது.

ஷெஃபீல்ட் நர்ஸ்:
எல்லோரும் 1662 புத்தகத்தைத் தூக்கிப் பேசுகிறீர்கள், நான் ஈயம் (Eyam) என்ற ஊருக்குப் போன கதையைச் சொல்கிறேன். டெர்பிஷயரில் மலைகளுக்கு நடுவே உள்ள சின்ன ஊர். கொரோனா வார்டில் வேலை பார்த்து அலுத்துப்போன பிறகு, கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். 1665இல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் வந்தது என்பார்கள். ஊர்க்குரு வில்லியம் மோம்பெசன், ஊரைவிட்டு யாரும் வெளியே போகக்கூடாது, நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று சனத்திடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். எல்லைக் கல்லில் குழி தோண்டி, வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டுச் சாமான் வாங்கினார்கள். கோயிலைப் பூட்டிவிட்டு, பக்கத்துப் பள்ளத்தில் திறந்த வெளியில் குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று ஆராதனை. 260 பேர் போனதாகச் சொல்லப்படுகிறது. மோம்பெசனின் மனைவி கேத்தரினும் அதில் ஒருத்தி, கல்லறை கோயில் முற்றத்தில் இருக்கிறது.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. மோம்பெசன் ஊருக்குப் புதியவர், அவர் பேச்சை மட்டும் சனம் கேட்டிருக்காது. கூட நின்றவர் தாமஸ் ஸ்டான்லி, அங்கே முன்பு குருவாக இருந்த பியூரிட்டன், அதாவது பழைய சடங்குகளை இன்னும் களைய வேண்டும் என்ற கட்சிக்காரர். அவர் ஏன் முன்னாள் குரு? 1662இல் அந்தப் புத்தகத்தை அப்படியே ஏற்க மாட்டேன் என்று வேலையை இழந்தவர். நாடு முழுக்க அப்படி ஏறக்குறைய 2000 குருமார் வெளியே போனார்கள். துரத்தப்பட்டவரும் அவருக்குப் பிறகு வந்தவரும் சேர்ந்துதான் அந்த ஊரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

சும்மா போனவன்:
நான் கிறிஸ்தவன் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம், ஆராதனைக்கு வந்தால் இலவசம் என்று நண்பன் சொன்னான், போனேன். வாசலில் நீ யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரசங்கமும் இல்லை. ஜெபத்தில் மன்னர் பெயர் வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜா பெயரில் அர்ச்சனை மாதிரி! இவர்கள் அரசாங்கமும் கோயிலும் ஒன்றுதானா?

டர்ஹாம் மாணவன்:
ஒருவகையில் அப்படித்தான். எட்டாம் ஹென்றி 1534இல் போப்பை விலக்கித் தன்னைத் தலைவராக்கிக்கொண்டார், இன்றும் இங்கிலாந்துத் திருச்சபைக்கு மன்னர்தான் தலைமை ஆளுநர். பேராயர்கள் சிலர் பிரபுக்கள் சபையிலும் உட்காருகிறார்கள்.

நர்ஸ் அக்கா சொன்னது சரி, நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை. காசின் கதையைப் பாருங்கள்: மன்னரை எதிர்த்துப் பியூரிட்டன்கள் கை ஓங்கியபோது பாரிஸுக்கு ஓடி, வருடக்கணக்கில் அங்கே கிடந்தவர். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் காசின் பக்கத்து ஆட்களின் முறை, ஸ்டான்லி மாதிரி ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். அடிபட்டு வந்தவர்களுக்காவது இரக்கம் இருந்திருக்கலாம். அந்த இருக்கையில் இனி அவ்வளவு சுகமாக உட்கார முடியாது. ஈயத்தில் இப்போதும் அந்தப் பள்ளத்தில் ஆராதனை உண்டா அக்கா?

ஷெஃபீல்ட் நர்ஸ்:
உண்டு, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, பிளேக் ஞாயிறு என்றே பெயர். இறங்குகிற பாதை சரிவு, மழை பெய்திருந்தால் வழுக்கும், நல்ல ஷூ போட்டு வாருங்கள். சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்.