புதுப்பிப்பு: ஈடிடிஏ டைட்ரேஷனில் நீலம் ஏன் வரவில்லை?

தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அளவை, அவற்றைப் பிணைக்கும் ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் டைட்ரேஷன் முறையை முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். முடிவுப்புள்ளியில் (அவை முழுதும் பிணைந்துவிட்ட கட்டத்தில்) நீலமாக வேண்டிய நிறம் ஊதாவிலேயே நிற்கிறது என்று பி.எஸ்சி. மாணவர்கள் கேட்டதால் இது.

முதல் சந்தேகம் பஃபர் மீதே, அதாவது பிஎச்-ஐ (காரத்தன்மையின் அளவை) 10-இல் நிலையாக வைக்கும் அம்மோனியா கரைசல் மீதே விழட்டும். பழைய பாட்டிலில் அம்மோனியா பறந்துபோய் பிஎச் 10-க்குக் கீழே இறங்கியிருக்கும், புதிதாகக் கலக்குங்கள். நிறங்காட்டியான எரியோகுரோம் பிளாக் டி கரைசலும் சீக்கிரம் கெட்டுவிடும். 1 கிராம் பொடியை 100 கிராம் சோடியம் குளோரைடோடு நன்றாக அரைத்து உலர்வாக வைப்பதே மேல். 50 மி.லி. மாதிரிக்கு ஒரு சிட்டிகை போதும், அதிகம் போட்டால் நிறம் இருண்டு மாற்றமே தெரியாது.

மெக்னீசியம் இல்லாத நீரிலும் மாற்றம் இழுக்கும், கால்சியம் இந்த நிறங்காட்டியோடு பலவீனமாகத்தான் பிணைகிறது. பஃபரில் சிறிது மெக்னீசியம்-ஈடிடிஏ சேர்ப்பது அதற்காகத்தான்.

பஃபர் ஊற்றிய 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் கால்சியம் கார்பனேட் படிந்து அளவு குறைத்துக் காட்டும்.