அம்மாவுக்குப் போட்ட நாற்காலி: விக்காவுக்குள் வந்த அனுபவங்கள்

நான் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இயற்கை வழிபாடும் மந்திரமும் சேர்ந்த விக்கா என்ற மதத்துக்கு எப்படி வந்தாய் என்று யார் கேட்டாலும் அம்மாவின் சாவிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். 2020இல் விமானம் ஓடாத நேரத்தில் அம்மா போய்விட்டார். போனில்தான் பார்த்தேன். பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. கருமாதி வரை எல்லாவற்றையும் தம்பி செய்தான், என் கையால் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த வருஷம் அக்டோபர் 31, கூட வேலை செய்யும் ஒரு வயதான அம்மா, "ராத்திரி சாப்பிட வா, ஆனால் மேசையில் யாரும் பேசக்கூடாது" என்றார். போனால் ஆள் மூன்று பேர், தட்டு நான்கு. நாலாவது நாற்காலி செத்துப்போனவர்களுக்கு. அந்தத் தட்டுக்குத்தான் முதலில் பரிமாறினார்கள், பக்கத்தில் சிவப்பு நூல் கட்டின ரோஸ்மேரிக் கொத்து ஒன்று. எங்கள் ஊர்ப் படையல் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி ஊற்றி வந்து அங்கே வைத்து, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் சீனியும் கொட்டினேன். அம்மா சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஒன்றரை வருஷமாக வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அந்த இரவுக்கு சவ்வின் என்று பெயர், பருவங்களை ஒட்டி வரும் விக்காவின் எட்டுப் பண்டிகைகளில் ஒன்று என்றெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த வழியை வெளியே கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் 1900இல் சிலோனுக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் ஆட்கள் கொழுந்து பறித்த அதே மலைகள்தானே. அப்புறம் அவர் மலாயாவுக்குப் போய், 1936இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் அங்கே 1951இல் நீங்கியது, 1954இல் இந்த வழியைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. இது ஆதிகாலத்து மதம் என்று அவர் சொன்னார். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் அப்படியில்லை, இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான் என்று எழுதியிருக்கிறார், நானும் அதைத்தான் ஏற்கிறேன். புதுசாக இருந்தால் என்ன, அன்றைக்கு அது என்னைத் தாங்கியது.

தினசரி மந்திரம் என்று நான் செய்வது சின்னச் சின்ன வேலைகள். வேலைக்குக் கிளம்புமுன் தேத்தண்ணியை வலமாக மூன்று சுற்றுக் கலக்கி, இன்று யார் கையைப் பிடிக்க வேண்டியிருந்தாலும் என் கை நடுங்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்வேன். விட வேண்டியது ஏதாவது இருந்தால் பிரிஞ்சி இலையில் எழுதிக் கொளுத்திவிடுவேன். நிலைப்படியில் உப்புத் தண்ணீர் தெளிப்பேன். அம்மம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டது விக்கா இல்லை, அது அவருடையது, இரண்டையும் ஒன்றாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கையைப் பார்த்து வளர்ந்ததால்தான் இது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் செய்வினை, சாத்தான் என்றெல்லாம் பேசினார்கள். விக்காவில் சாத்தானே கிடையாது, யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதுதான் அடிப்படை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

*

அக்கா, நான் மெல்பேர்னில் இருக்கிறேன். நீங்கள் சவ்வின் வைக்கும் அன்றைக்கு இங்கே வசந்தம், ரோஜா பூத்துக் கிடக்கும், எனக்கு அது அந்த எட்டில் வசந்தப் பண்டிகையான பெல்டேன். என் சவ்வின் ஏப்ரல் கடைசியில். முதல் இரண்டு வருஷம் புத்தகத்தில் இருந்த தேதிப்படியே செய்து, ஒன்றும் மனதில் ஒட்டாமல் விட்டுவிட்டேன். இங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்பதால் சடங்கில் அதன் போக்கில் வட்டம் சுற்றுவதென்றால் இடமாகச் சுற்ற வேண்டும், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நானும் முயன்றேன். சின்ன வயதிலிருந்து கோயிலை வலம் வந்த கால் கேட்கவில்லை. இப்போது நெருப்பை மட்டும் வடக்கில் வைத்துவிட்டு வலமாகத்தான் சுற்றுகிறேன்.

*

நான் மலேசியாவில், ஜொகூர். இங்கே குளிர்காலமும் இல்லை, இலையுதிர்காலமும் இல்லை, எட்டுப் பண்டிகையை வைத்து என்ன செய்வது? அதனால் பௌர்ணமியை மட்டும் பிடித்துக்கொண்டேன். மொட்டைமாடியில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். கார்ட்னர் மலாயாவில் இருந்தபோது கெரிஸ் என்ற மலாய்க் கத்தியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1936இல் வந்தது. விக்காவில் சடங்குக்கு வட்டம் போடும் கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். அக்கா, இந்த அக்டோபரில் உங்கள் அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது என் அப்பாவுக்கும் ஒரு கோப்பை வைப்பீர்களா? அவருக்குப் பால் சேர்க்க வேண்டும்.