புதுப்பிப்பு: படகு மோட்டார் சூடாகும் பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பழைய கார்ட்லெஸ் டிரில்லில் கழற்றிய 550 அளவு மோட்டாரை ரிமோட்டில் ஓடும் இரண்டடி மாதிரி இழுவைப் படகில் மாட்டினால் ஐந்தே நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு, ஏன் என்று.

"முதலில் ஆம்பியர் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்) பாருங்க" என்று சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி. தண்ணீர் நிரப்பிய அண்டாவில் படகைப் பிடித்து வைத்து அளந்தேன். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் எல்லையே போதவில்லை. டிரில்லில் கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து சுற்றும் பலத்தைக் கூட்டித் தரும். நான் படகைத் தள்ளும் 45 மி.மீ. விசிறியை கியர் இல்லாமல் நேராக அச்சில் பூட்டியிருந்தேன். மோட்டார் திணறாமல் என்ன செய்யும்!

கிருஷ்ணகிரியில் பழைய இரும்புக் கடையில் உடைந்த பிரிண்டர் ஒன்று கிடைத்தது. அதன் மோட்டார் 24 வோல்ட்டுக்கானது. 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய பாதி வேகம்தான். பெரிய விசிறிக்கு அதுதான் வேண்டும். அதே அண்டாவில் 2 ஆம்பியர்தான் காட்டியது. அச்சை இணைக்க பைக்கின் பெட்ரோல் டியூப் துண்டு. ரிமோட் சிக்னல் தடுமாறாமல் இருக்க மோட்டார் முனைகளில் 104 என்று குறியிட்ட (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஏரியில் அரை மணி நேரம் ஓடியது. கரையேற்றித் தொட்டேன், வெதுவெதுப்புதான். தம்பி மகன் ரிமோட்டைத் திருப்பித் தரவே இல்லை.

டிரில் மோட்டாரைத் தூக்கிப் போடவில்லை. சின்ன விசிறியோடு வேகப் படகுக்கு வைத்திருக்கிறேன்.