குணத்தை அளந்து நாளைய குற்றவாளியைப் பிடிக்கலாமா?

குளத்தடியான்:
போன கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெற்றோர் கூட்டம். வாள்வெட்டு, ஐஸ் போதைப்பொருள், கசிப்புச் சாராயம் எல்லாம் கதைத்து முடிய ஒருவர் எழும்பி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுமைக் கேள்வித்தாள் ஒன்று கொடுப்போம், ஆபத்தான குணம் உள்ளவர்களை முன்கூட்டியே பிரித்தெடுத்து ஆலோசனைக்கு அனுப்புவோம் என்றார். பாதிச் சனம் கை தட்டியது, மீதி முணுமுணுத்தது. எனக்கென்றால் நல்ல யோசனையாகத்தான் படுகிறது. ஒரே ஒழுங்கையில், ஒரே வறுமையில், ஒரே சண்டைக்குள்ளால் வந்த குடும்பங்களில் ஒருவன் வாள் தூக்குகிறான், மற்றவன் கம்பஸ் போகிறான். குணத்தை விட்டுவிட்டு இதை எப்படி விளங்கப்படுத்துவீர்கள்?

ரீச்சரக்கா:
தம்பி, ஒழுங்கை ஒன்றுதான், வீடு ஒன்றில்லையே. ஒருவனுக்குத் தாய் பக்கத்தில் இருக்கிறாள், மற்றவனின் தாய் குவைத்தில் வீட்டு வேலை. “சட்டென்று கோபம் வருமா”, “ஆட்களை நம்புவது கஷ்டமா” என்ற மாதிரிக் கேள்விகளுக்கு என் வகுப்பில் முதலில் ‘ஆம்’ போடப்போவது ஒரு பெண் பிள்ளை. தாயின் முதுகில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது, அந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்வதில்லை, பிள்ளை முதல் பாடத்திலேயே மேசையில் தலையைப் போட்டுவிடும், தட்டி எழுப்பினால் சீறும். அதைக் குணம் என்று எழுதப் போகிறீர்களா?

விசுவமடு வாசகன்:
ரீச்சர், கோபிக்காதீர்கள், ஆனால் ஆய்வு வேறு கதை சொல்கிறது. நியூசிலாந்தில் டுனீடின் நகரில் 1972, 73இல் பிறந்த 1,037 பிள்ளைகளை இன்றுவரை தொடர்கிறார்கள். 3 வயதிலிருந்து 11 வயது வரை தன்னடக்கத்தை, அதாவது பொறுத்திருக்கிறதா, தொடங்கியதை முடிக்கிறதா, எதற்கெடுத்தாலும் வெடிக்கிறதா என்பதை, பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டும் நேரில் கவனித்தும் அளந்தார்கள். 32 வயதில் நீதிமன்றப் பதிவைப் பார்த்தால், தன்னடக்கம் ஆகக் குறைந்த ஐந்திலொரு பங்கினரில் 43 வீதம் பேர் குற்றவாளியாகத் தீர்ப்புப் பெற்றிருந்தார்கள், ஆகக் கூடிய பங்கில் 13 வீதம். குடும்ப வசதியையும் புத்திக்கூர்மையையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. ஆகவே எல்லாவற்றையும் வறுமை, சண்டை என்று தள்ளிவிட ஏலாது.

கனகராயன் கரை:
சரி, அந்த 43ஐ மறுபக்கம் பிடித்துப் பாருங்கோ. ஆக மோசம் என்று பிரித்த நூறு பேரில் 57 பேருக்கு ஒரு தீர்ப்பும் இல்லை. அவர்களுடைய பெயரும் அந்தப் பள்ளிக்கூடப் பட்டியலில் கிடக்கும், ஊர் சின்னது, இரண்டு நாளில் சந்திக் கடைக்கு வந்துவிடும்.

மற்றது, கள்ள மணல். எங்கள் ஆற்றங்கரையில் சாமம் இரண்டு மணிக்கு லைட்டை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் ஏற்றுகிறவன் பத்தொன்பது வயதுப் பொடியன். பொலிஸ் ஜீப் வருகுதா என்று போனோடு சந்தியில் நிற்கிறவன் அவனுடைய தம்பி. பிடிபட்டால் உள்ளே போவது இவர்கள்தான். டிப்பர் முதலாளியோ வீட்டில் நித்திரை. லீசிங் காசு தவணை தவறாமல் கட்டுவார், கோயில் திருவிழாவில் அவருக்கு ஒரு உபயம் இருக்கிறது, குரலை உயர்த்திக் கதைத்து நான் கண்டதில்லை. பொறுமை, திட்டம், தன்னடக்கம் எல்லாம் அளவுக்கு மேலேயே இருக்கிறது. உங்கள் கேள்வித்தாளை அவரிடம் கொடுங்கோ, நூற்றுக்கு நூறு எடுப்பார்.

குளத்தடியான்:
டிப்பர் முதலாளியை விடுங்கோ அண்ணை, நான் கேட்டது வாள்வெட்டு. வீடு புகுந்து தாய் தகப்பன் முன்னால் மகனை வெட்டிவிட்டு வீடியோவும் எடுக்கிறவனுக்கு என்ன பொருளாதாரக் காரணம்? கனடாவின் ராபர்ட் ஹேர் செய்த அளவுகோல் இருக்கிறது, 20 அம்சம், 40 புள்ளி, அங்கே 30 அல்லது அதற்கு மேல் போனால் மனச்சாட்சி இல்லாத வகை என்று எடுப்பார்கள். அப்படி ஏதாவது இங்கேயும் வேண்டும்.

ரீச்சரக்கா:
அந்த அளவுகோல் பிள்ளை பென்சிலால் புள்ளடி போட்டு நிரப்புகிற தாள் இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் கதைத்து, பழைய கோப்புகளையும் படித்துப் புள்ளி இடவேண்டும், அதுவும் பெரிய ஆட்களுக்கு. இன்னொன்று, சிறுவயதுக் குற்றச்செயல், பலவகைக் குற்றங்கள் என்பவற்றுக்கே அதில் புள்ளி இருக்கிறது. குற்றம் செய்ததற்குப் புள்ளியும் போட்டு, அந்தப் புள்ளிதான் குற்றத்துக்குக் காரணம் என்றும் சொன்னால் அது என்ன நியாயம்?

விசுவமடு வாசகன்:
ஹேரின் அளவுகோலில் ரீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்ளலாம். டுனீடின் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான உளவியலாளர் டெரி மொஃபிட்டும் 1993இல் எழுதினார்: பதின்ம வயதில் குழப்படி செய்கிறவர்களில் பெரும்பான்மை வளர வளர விட்டுவிடுவார்கள், சின்ன வயதிலிருந்தே தொடர்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் தன்னடக்கம் கல்லில் வெட்டின எழுத்தில்லை, வளர வளரக் கூடின பிள்ளைகள் பிறகு நன்றாகவே வந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அப்படியென்றால் பெயர் பிரிக்காமல் முதலாம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் அதைப் பழக்கலாமே?

கனகராயன் கரை:
அதற்குக் கை தட்டுவேன். கேள்வித்தாள்தான் வேண்டும் என்றால் அடுத்த கூட்டத்தில் ஒன்று கேளுங்கோ தம்பி: நிரப்பின தாள் யாருடைய அலுமாரியில் இருக்கும், பொலிஸ் வந்து கேட்டால் அதிபர் கொடுப்பாரா?

குளத்தடியான்:
கேட்கிறேன் அண்ணை. ஆனால் ஆலோசனை ஒருவருக்கும் வேண்டாம் என்று மட்டும் நான் கை தூக்க மாட்டேன், எங்கள் ஒழுங்கையில் வெட்டு வாங்கினவன் என்னோடு படித்தவன்.