1929 கனவு 1989-ல் பலிச்சுதா?

காவிரிக்கரையான்: 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்கும் சம சொத்துரிமைன்னு தீர்மானம் போட்டாங்க, 1989-ல தமிழ்நாட்டுச் சட்டமாச்சு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடின எங்க மாயவரத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் காலத்துக் கனவு அத்தோட பலிச்சுது. இன்னும் என்ன பொலம்பல்?

குடமுருட்டி: அத்தோட பலிச்சுதா? 25.3.1989-க்கு முன்னாடி கல்யாணம் ஆன மகளுக்குப் பூர்வீகச் சொத்துல அந்தச் சட்டம் பொருந்தாது. அதோட 29-ஏ பிரிவைப் படிச்சுட்டு வாங்க.

காவிரிக்கரையான்: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே மகளும் வாரிசுதான். வெறுங்கையோட அனுப்புன மாதிரி பேசாதீங்க.

குடமுருட்டி: கணக்கு பாப்போம். பூர்வீக நிலம் 9 மா. அப்பா, ரெண்டு மகன், ஒரு மகள், அம்மா இல்லை. அப்பா உயில் எழுதாம போயிட்டா, அவரும் மகன்களும் மும்மூணு மா பிரிச்சுக்கிட்டதா முதல்ல வச்சுக்குவாங்க. அவரோட 3 மா மட்டும் மூணு பிள்ளைக்கும். ஆக மகன்களுக்கு நன்னாலு மா, மகளுக்கு ஒரு மா. 1989 சட்டப்படி மகன் மாதிரி மகளும் பங்காளின்னா ஆளுக்கு மூணு. மார்ச் 24-ல தாலி ஏறினவளுக்கு ஒண்ணு, 26-ல ஏறினவளுக்கு மூணு. இதுதான் சமமா?

வெண்ணாறு: 2005 மத்தியச் சட்டம் அந்தத் தேதியையே தூக்கிடுச்சே. அப்பா 2005-ல உயிரோட இருக்கணும்னுகூட இல்லைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு.

குடமுருட்டி: அப்ப பலிச்சது 2005, 1989 இல்ல. அதுலயும் 20.12.2004-க்கு முன்னாடி பதிவுப் பத்திரத்துலயோ கோர்ட் டிக்ரியிலயோ பாகம் பிரிஞ்சிருந்தா தொட முடியாது. பதியாத கூர்ச்சீட்டை, அதான் பாகம் பிரிச்ச சீட்டைக் காட்டி ‘அப்பவே பிரிச்சாச்சு’ம்பாங்க, அது லேசுல செல்லாது. நிஜமான பொறி, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம். சீர் செனத்தி செஞ்சாச்சேன்னு கையெழுத்து வாங்கிட்டா கதை முடிஞ்சுது. போடுறதுக்கு முன்னாடி வில்லங்கமும் சிட்டாவும் எடுத்துப் பாக்கணும், எந்தெந்த சர்வே எண்ணு எழுதியிருக்குன்னு படிக்கணும்.

வெண்ணாறு: நடவுக்குப் போறவளுக்கு ஏதுங்க 9 மா? 1976-லயே சம ஊதியச் சட்டம் வந்துடுச்சு. நடவு, களை பெண் வேலை, வரப்பு வெட்டு ஆண் வேலைன்னு பிரிச்சுட்டா ‘ஒரே வேலை இல்லையே’ன்னு தப்பிச்சுக்கலாம். பண்ணையாட்களைத் திரட்டின கம்யூனிஸ்ட் மணலூர் மணியம்மை பேரே இங்க வரல பாருங்க.

காவிரிக்கரையான்: அம்மையார் பேரை எடுத்தாலே உங்க கட்சி ஆளை இழுத்துட்டு வந்துடணும்.

வெண்ணாறு: அம்மையாருக்குக் கட்சியே இல்லையா? காங்கிரஸ், அப்புறம் பெரியார், 1949-ல தி.மு.க.

குடமுருட்டி: கட்சிக் கதை கிடக்கட்டும். 25.3.1989-க்குப் பதில்?

காவிரிக்கரையான்: தேவதாசி ஒழிப்புத் திரியிலயும் ஒரு தேதியைப் பிடிச்சு மூணு நாள் தொங்கின ஆளுதானே நீங்க!

குடமுருட்டி: தேவதாசிகளோட 1929 மானிய நிலத் திருத்தத்தையும் 1947 ஒழிப்புச் சட்டத்தையும் ஒண்ணாக் கொழப்பினது யாரு? இன்னும் அங்கேயும் பதில் வரல. 25.3.1989, சொல்லுங்க.