குரோஷா போர்வை: சிவப்பு நூலுக்கும் கறுப்புக்கும் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நோயாளிகளுக்குக் கொடுக்க குரோஷா போர்வைகள் பின்னுகிறேன். எழுத்தில்லாப் புத்தகத்தின் (எழுத்தே இல்லாமல், நிறப் பக்கங்களால் மட்டும் சுவிசேஷம் சொல்லும் சிறு புத்தகம்) நிறங்களையே பட்டைகளாக வைக்கிறேன்: பாவத்துக்குக் கறுப்பு, இயேசுவின் இரத்தத்துக்குச் சிவப்பு, கழுவப்பட்ட இருதயத்துக்கு வெள்ளை, பரலோகத்துக்குப் பொன்னிறம், வளர்ச்சிக்குப் பச்சை. "இது ஏன் இந்த நிறம்?" என்று அவர்களே கேட்கும்போது, சுவிசேஷம் சொல்வது எளிதாகிவிடுகிறது.

இரண்டு விஷயங்களில் உதவி வேண்டும். போன போர்வையை முதல் தடவை துவைத்ததுமே சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. வெள்ளையாகவே இருக்க வேண்டிய பட்டை அது, மனசு தாங்கவில்லை. பின்னியது பருத்தி நூலில். அக்ரிலிக்குக்கு மாறிவிடலாமா? இல்லை, சிவப்புச் சிட்டத்தை முதலிலேயே அலசிக் காயவைத்தால் போதுமா?

அப்புறம் கறுப்பு. படுக்கையில் இருப்பவர் கையில் கறுப்பில் தொடங்கும் போர்வையைக் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. 1866-ல் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கித்த மூன்று நிறங்களில் கறுப்பும் ஒன்று, அதனால் விட்டுவிடவும் மனமில்லை. ஓரத்தில் ஒரே ஒரு வரிசையாக வைத்தால் அர்த்தம் குறையுமா? இப்படிக் கொடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். அடுத்த போர்வையை ஆரம்பிக்காமல் காத்திருக்கிறேன்.